‘ஐ7 எண்டால் ஐ7தான் அண்ணை’: மீடியா சேர்வர் போட நினைப்பவர்கள் கவனத்துக்கு

படம், வீடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து டிவியிலும் போனிலும் பார்க்க வீட்டில் ஒரு சேர்வர் போடலாம் என்று கொழும்பில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் விலை விசாரித்துத் திரிகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். காலி வீதியில் ஒரு கடை என் தலையில் கட்டிய பாவித்த கணினியையும் ‘புது’ ஹார்ட் டிஸ்க்கையும் பற்றித்தான் எழுதுகிறேன். முறைப்பாடு இன்னும் முடியவில்லை, அதனால் கடையின் பெயரைப் போடவில்லை.

என்ன தேவை என்று கடையில் தெளிவாகவே சொன்னேன். ஜெலிஃபின் என்ற மீடியா சேர்வர் மென்பொருள் ஓட வேண்டும். போனில் எடுத்த 4கே வீடியோக்கள், அக்காவின் கலியாண வீடியோ, அப்பாவின் கசெட்டுகளிலிருந்து மாற்றியவை எல்லாம் அதில் இருக்கும். வீட்டு டிவி கோப்பை அப்படியே வாங்கி ஓட்டிவிடும், அதற்குப் பெரிய கணினி தேவையில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா பார்க்கும்போதுதான் சிக்கல். எங்கள் இணைப்பின் அப்லோட் வேகத்துக்கு ஏற்றபடி வீடியோவை உடனுக்குடன் சுருக்கி அனுப்ப வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்கிற அந்த வேலையைச் சிரமமில்லாமல் செய்ய ப்ரொசஸருக்குள் தனியாக ஒரு பகுதி இருக்க வேண்டும்; இன்டெல்லில் அதன் பெயர் குயிக் சிங்க். இப்போதைய போன்கள் எடுக்கிற எச்.265 10 பிட் என்ற சுருக்க வகை வீடியோவை அது முழுமையாகக் கையாளத் தொடங்கியது 7ஆம் தலைமுறையில். ஆகவே 8ஆம் தலைமுறை ஐ5 போதும் என்று கேட்டேன்.

“ஐ5 என்னத்துக்கு அண்ணை, கிட்டத்தட்ட அதே விலைக்கு ஐ7 தாறன்” என்றார் கடைக்காரத் தம்பி. ஓட்டியும் காட்டினார். திரையில் 8ஆம் தலைமுறை என்றுதான் இருந்தது, நானே பார்த்தேன். தூசு தட்டி, சேர்விஸ் பண்ணி, பின்னேரம் ஓட்டோவில் அனுப்புகிறோம் என்றார்கள். வந்த பெட்டி வெளியே பார்த்தால் அதே கறுப்புப் பெட்டி. போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது ஐ7-4790, 2014இல் வந்தது. பில்லில் ‘கோர் ஐ7 பிசி, பாவித்தது’ என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள்.

ஐ7 என்ற பெயரில் ஒன்றும் இல்லை. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம்: 4790 என்றால் நான்காம் தலைமுறை, 8500 என்றால் எட்டாவது. கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது, குயிக் சிங்க்கும் இல்லை. 4790 அலுவலக வேலைக்கு இன்றைக்கும் நல்ல ப்ரொசஸர்தான். ஆனால் எச்.265 வீடியோவுக்கு வன்பொருள் உதவி அதில் இல்லை. அண்ணா அங்கே ஒரு 4கே வீடியோவைத் திறந்ததும் இங்கே ப்ரொசஸர் 100 சதவீதம், விசிறி மிக்ஸி போல இரைச்சல், அங்கே படம் சில விநாடிக்கொரு தரம் நின்று நின்று ஓடுகிறது. சும்மா இருக்கும்போதே 40 வாட் அளவில் இழுக்கிறது. 24 மணி நேரமும் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 29 அலகு. 90 அலகுக்குக் கீழே நிற்கப் பாடுபடும் வீட்டுக்கு அது சின்னக் கணக்கில்லை.

இதாவது பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க்கில்தான் உண்மையான விளையாட்டு.

8 டெராபைட், சீகேட், ‘புத்தம் புதுசு’, ஒட்டிய வெள்ளிப் பையில் வந்தது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ஓடிய நேரம் 3 மணி என்று காட்டியது. ஆனால் திருகாணி போடும் துளைகளின் ஓரத்தில் பெயிண்ட் சுரண்டுப்பட்டிருந்தது. சாட்டா முனையின் தங்கப் பற்களில் கேபிள் ஏறி இறங்கிய கோடுகள். புது டிஸ்க்கில் அது எப்படி வரும்? 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிவந்த விவகாரம் ஞாபகம் வந்தது. பாவித்த சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் எண்களைப் பூச்சியமாக்கிப் புதியவை என்று விற்றிருந்தார்கள். சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு உள்ளே இருக்கிறது. அந்த ஏமாற்றுக்காரர்கள் அதைத் தொடாமல் விட்டதால்தான் பிடிபட்டார்கள். ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தால் அதை வாசிக்கலாம். வாசித்தேன். 26 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். இரவு பகலாக மூன்று வருஷம் எங்கேயோ உழைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறது. தயாரிப்பு நிறுவனத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை, நடுவில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

தொடரிலக்கத்தை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் வொரன்டியும் முடிந்திருந்தது. கடை ஒட்டிய ‘1 வருட வொரன்டி’ ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருந்தது.

கடைக்குக் கொண்டுபோனேன். “அது சொஃப்ட்வெயார் பிழை அண்ணை” என்றார் தம்பி. அச்சடித்துக் கொண்டுபோன ஃபார்ம் பதிவை மேசையில் வைத்ததும் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி முதலில் ‘பையைத் திறந்தால் திருப்பி எடுக்க மாட்டோம்’ என்றார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அங்கேயே நின்று அழைக்கப் போனபோது குரல் இறங்கியது. டிஸ்க்கின் காசு கைக்கு வந்தது. கணினிக்கு மட்டும், “எட்டு எண்டு பில்லில எங்க இருக்கு? ஐ7 எண்டால் ஐ7தான் அண்ணை” என்று கையை விரித்துவிட்டார்.

வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் ப்ரொசஸரின் முழு எண்ணையும் டிஸ்க்கின் தொடரிலக்கத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்டிய பெட்டியை அப்போதே கையோடு தூக்கிக்கொண்டு போங்கள். ‘சேர்விஸ் பண்ணி அனுப்புகிறோம்’ என்பதற்கு இடம் கொடுக்க வேண்டாம். தொடரிலக்கத்தின் வொரன்டியைக் கடை வாசலிலேயே போனில் பார்த்துவிடலாம். ஒன்றிரண்டு பேர் பார்க்கும் வீட்டு சேர்வருக்கு இன்டெல் என்100 போட்ட சின்னப் பெட்டியே தாராளம். 2023இல் வந்த ப்ரொசஸர், 6 வாட், எச்.265 10 பிட் பிரச்சினையே இல்லை. நான் இப்போது வேறு கடையில் எடுத்து ஓட்டுவது அதைத்தான். அண்ணா அக்காவின் கலியாண வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டார்.

கணினி பற்றிய முறைப்பாட்டை பில் பிரதியோடு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்குத் திகதி வந்ததும் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.