சுவரில் கிறுக்கல், தரையில் மாவு: நாமே துடைப்பதா, பிள்ளையையும் சேர்த்துக்கொள்வதா?

உள்ளே ஐந்து நிமிடம் சத்தமே இல்லை என்றால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்த பிறகு இரண்டு வழிதான்: நாமே துடைத்துவிடுவது, அல்லது பிள்ளையையும் சேர்த்துக்கொள்வது.

நாமே செய்தால் சீக்கிரம் முடியும். கண்ணாடித் துண்டு, மருந்து, சோப்புத்தூள், பிளீச் என்றால் யோசிக்கவே வேண்டாம். முதலில் பிள்ளையைத் தூக்கி அப்பால் வைத்து, வாயையும் கையையும் பார்க்க வேண்டும். அவசரத்தில் பிளீச்சோடு வினிகரைக் கலந்துவிடக் கூடாது, குளோரின் என்ற நச்சுவாயு கிளம்பும்.

சேர்த்துக்கொள்வது மெதுவான வழி. இரண்டு வயதுப் பிள்ளை துடைத்தால் கறை இன்னும் பரவும்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஈரத்துணியைக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் அழுகை நிற்கும்; கோபமும் (நம்முடையதைச் சொல்கிறேன்) கொஞ்சம் அடங்கும். கிரேயான் என்பது மெழுகு. ஈரத்துணியில் சமையல் சோடா தொட்டு மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். நாம் பக்கத்தில் இருந்தால் பிள்ளையே தேய்க்கலாம். மாவைக் காய்ந்தபடியே பெருக்க வேண்டும், தண்ணீர் பட்டால் பசையாகிவிடும். அழியாத மார்க்கருக்கு ஆல்கஹால் தேவைப்படும், அது பெரியவர் வேலை.

ஆபத்தான பொருள் இல்லையென்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் அதைத் தண்டனையாக்கினால் அடுத்த கிறுக்கல் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்புறம், தூங்கும் நேரத்தில் நடந்தால், சரி, நாமே துடைத்துவிட்டுப் படுக்கலாம்.