என்காஸ்டிக் 'எல்லாம் அடங்கிய செட்' வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

தேன்மெழுகை உருக்கி நிறம் கலந்து வரையும் என்காஸ்டிக் ஓவியத்துக்கு வீட்டிலேயே ஸ்டுடியோ அமைக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். வெள்ளைத் தேன்மெழுகு, டமார் என்ற மரப்பிசின் கலந்த மெழுகுக் கலவை (மீடியம்), ஹாட் பிளேட், பலகை, பிரஷ் எல்லாம் ஒரே பெட்டியில் தருவதாகச் சொன்ன ஓர் ஆன்லைன் கடையில் வாங்கினேன். அதில் உருப்படியாக இருந்தது பிரஷ் மட்டும்தான்.

பெட்டியில் 'சுத்தமான தேன்மெழுகு' என்று ஒட்டியிருந்தார்கள். ஒவ்வோர் அடுக்கையும் ஹீட் கன்னால் சூடாக்கிக் கீழ் அடுக்கோடு இணைத்தும், ஆறியபின் நகம் பட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. பலகையில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியிருந்தார்கள். அது மெழுகை உறிஞ்சாது, என்காஸ்டிக்குக்கு ஆகாது. சரி, அதுதான் காரணமோ என்று எதுவும் பூசாத பிளைவுட்டில் போட்டுப் பார்த்தால் அங்கேயும் உதிர்கிறது. அப்புறம் தேனீ வளர்ப்பவர் ஒருவரிடம் நேரடியாக ஒரு துண்டு மெழுகு வாங்கிச் சோதித்தேன். வெறும் தண்ணீரில் இரண்டும் மிதக்கும். தண்ணீரின் அடர்த்தியைக் குறைக்க சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வந்தபோது நல்ல மெழுகு மூழ்கிவிட்டது, செட்டில் வந்தது மேலேயே நின்றது. தேன்மெழுகின் அடர்த்தி 0.96 அளவில் இருக்கும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மலிவான மெழுகான பாரஃபின் 0.90 பக்கம், அதனால் கலப்படம் இதில் தெரிந்துவிடும் (ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள்). மஞ்சள் மெழுகில் தேன் வாசனை தூக்கலாக இருக்கும். வெளுத்த மெழுகில் அது குறைவு, பாரஃபினைக் கலந்து தள்ள வெள்ளைதான் அவர்களுக்கு வசதி.

பணம் போனதைவிட எனக்குக் கோபம் ஹாட் பிளேட் மேல்தான். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், 80 முதல் 90 டிகிரிக்குள் வைத்து வேலை செய்தால் போதும். இவர்கள் அனுப்பியதில் டிகிரியே கிடையாது, லோ, மீடியம், ஹை என்று ஒரு திருகு மட்டும். லோவில் வைத்தும் தெர்மாமீட்டர் 150-ஐத் தாண்டியது, மெழுகு புகைய ஆரம்பித்துவிட்டது. அதிகச் சூட்டில் மெழுகு சிதைந்தால் வரும் புகையில் அக்ரோலின் என்ற நச்சு வாயு இருக்கும், கண்ணும் தொண்டையும் எரியும். குழந்தைகள் இருக்கிற வீட்டில், ஒரு ஜன்னல் வைத்த அறையில், இதைத் 'தொடக்கநிலையினருக்கு ஏற்றது' என்று விற்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? டிகிரி காட்டும் தெர்மோஸ்டாட் இல்லாத எதையும் வாங்காதீர்கள். புகையை வெளியே இழுக்க எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடி போட்டு அணைக்க வேண்டும், இதில் ஒரு வரிகூட அவர்களுடைய கையேட்டில் இல்லை.

திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, பிரித்த மெழுகை எடுக்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன், பதில் இல்லை. 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் இல்லை. இதேபோன்ற செட் வாங்கி ஏமாந்தவர்கள் பில்லையும் பெட்டியில் ஒட்டிய லேபிளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.