டிஸ்னி வேர்ல்டில் ரேஸ் பார்ப்பதா, ஓட்டுவதா?

ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில், மேஜிக் கிங்டம் பூங்காவின் பார்க்கிங்கை ஒட்டி ஒரு மைல் ரேஸ் டிராக் இருந்தது. 1996இல் இண்டி பந்தயத்தோடு (சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை கார்கள்) தொடங்கினார்கள். 1997, 1998இல் நாஸ்கார் என்ற அமெரிக்கப் பந்தய அமைப்பின் டிரக் பந்தயமும் நடந்தது. டிவியில் பூங்காவின் பெயர் அடிபடும், சரி. ஆனால் ஸ்டாக் கார், அதாவது சாதாரண கார் போன்ற தோற்றமுள்ள பந்தயக் கார், ரசிகருக்கு அதே மாநிலத்தில் புகழ்பெற்ற டேடோனா ரேஸ் டிராக் இருக்கிறதே! ரேஸ் கூட்டமும் குழந்தைகளோடு வரும் குடும்பங்களும் ஒரே சாலையில் முட்டிக்கொண்டால் யாருக்கு லாபம்?

அதே டிராக்கில் நாஸ்கார் பந்தய நட்சத்திரம் ரிச்சர்ட் பெட்டி பெயரில் நடந்த ஓட்டும் அனுபவம் வேறு ரகம். காசு கட்டினால் நீங்களே ஸ்டாக் கார் ஓட்ட முடிந்தது. கதவு திறக்காது, ஜன்னல் வழியே காலை விட்டு நுழைய வேண்டும். தொப்பை இருந்தால் கொஞ்சம் கஷ்டம்தான். உட்கார்ந்த பிறகுதான் ஸ்டியரிங்கை மாட்டுவார்கள். வருடத்தில் ஒரு வார இறுதிக்கு மட்டும் என்றில்லாமல் தொடர்ந்து ஆள் வந்தது. ரிசார்ட்டுக்கு இதுதான் பொருத்தமாக இருந்தது என்பேன். இது 2015 வரை தாக்குப்பிடித்தது. பந்தயங்கள் 2000த்தோடு சரி.