பழைய டீசல் ஃபோர் வீல் எண்ணெய் குடிக்கிறதா? இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் பழைய டீசல் ஃபோர் வீலை யாரும் அழகுக்காக வைத்திருப்பதில்லை. காலையில் செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் ஏற வேண்டும், மாலையில் அதே வண்டி செம்மோர் வழியாக ஈப்போவுக்குக் குடும்பத்தைக் கொண்டுபோக வேண்டும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதும்தான், அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட கணக்கைப் பலரும் போட்டுப் பார்த்தார்கள். 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடித்த வண்டி 13 லிட்டர் குடித்தால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 30 லிட்டர் கூடுதல். அன்றைய 3.35 என்ற விலைக்கு அது 100 வெள்ளி 50 சென். டீசல் வண்டிக்காரர்களுக்கு அரசாங்கம் தந்த புடி மடானி உதவித்தொகையாக அப்போது மாதம் 200 வெள்ளி வாங்கியவருக்கு அதில் பாதி அப்படியே கரைந்துவிட்டது.

இதற்கு நம் ஊரில் நான்கு யோசனைகள் சொல்வார்கள். டேங்கில் மருந்து ஊற்று. கம்ப்யூட்டர் போட்டுப் பார். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்று. அதெல்லாம் வேண்டாம், முதலில் வண்டியைக் கையால் தொட்டுப் பார். நான் நான்காவது கட்சி. வரிசை மாறினால் பணம் வீணாகும் என்பதை அழுத்திச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மருந்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்ஜெக்டரின் வாயான நாசில் நுனியில் படிந்த கரியைக் கரைக்கும் திரவங்கள் உண்டு. லேசான அழுக்குக்கு உதவும். தேய்ந்த நாசிலை எந்த மருந்தும் புதிதாக்காது. பயோடீசல் கலப்பதால்தான் இப்படி என்று குறைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பி10 டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல். அதன் எரிசக்தி சற்றுக் குறைவு என்றாலும் மொத்தத்தில் இழப்பு ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 10 லிட்டர் 13 ஆவதற்கு அது காரணமே இல்லை. பயோடீசல் டேங்கின் பழைய கசடைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும் என்பது வேறு விஷயம். ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், அடியில் தேங்கும் தண்ணீரை இறக்குங்கள்.

எந்த வழியில் போனாலும் முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும். ஒரே நிலையம், ஒரே பம்ப், குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். டேங்க் பாதிக்கு மேல் காலியான பிறகு மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தோடு கணக்கிட வேண்டும். ஒரு தடவைக் கணக்கை நம்ப வேண்டாம். ஈப்போவுக்கு ஒன்றாம் எண் சாலையில் போன வாரத்தையும் ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் மெனோரா மலையேறிக் கோலகங்சார் போன வாரத்தையும் ஒப்பிடவும் வேண்டாம். பள்ளி வாசலில் ஏர்கான் போட்டுக் காத்திருக்கும் நேரத்தையும் மறக்கக் கூடாது. அந்த நேரத்தில் எண்ணெய் போகிறது, கிலோமீட்டர் ஏறுவதில்லை.

பெரிய டயர் போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். 17 அங்குல ரிம்மில் 265/65 இருந்த இடத்தில் 285/70 மாட்டினால் சக்கரத்தின் சுற்றளவு 7 விழுக்காடு கூடுகிறது. உண்மையில் 107 கிலோமீட்டர் ஓடியிருந்தால் மீட்டர் 100 என்றுதான் காட்டும். வண்டி குடிப்பதாகத் தெரிவதில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்துச் சரிபார்த்துவிடலாம். ஆனால் சேற்று டயரின் எடையும் உருளும் இழுவையும் கணக்குப் பிழை இல்லை. அவை நிஜமாகவே எண்ணெய் தின்னும்.

இனி கை வேலை. ஒரு பத்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். சூடு சுட்டுவிடும், சட்டென்று தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் விடவில்லை. தோட்டத்துச் செம்மண், பிரேக் காலிப்பர் நகர்வதற்கான ‘பின்’ கம்பியில் புகுந்து இறுகிக்கொள்வது இங்கே சகஜம். ஜாக்கி போட்டுச் சுற்றிப் பார்த்தால் உறுதியாகிவிடும். அடுத்து ஏர் ஃபில்டர். வறண்ட நாளில் லோரிக்குப் பின்னால் போகும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன தூரம் பொருந்தாது, அதற்கு முன்பே திறந்து பார்க்க வேண்டும். காற்றை அழுத்தும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கோடு வெடிப்பு இருந்தால் காற்று கசிகிறது. மேடேறும்போது கறுப்புப் புகை வந்தால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். ஃபில்டர், இந்த ஹோஸ், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்பது, மூன்றையும் பார்த்த பிறகே இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம்.

நம் நாட்டில் அதிகம் தப்பிவிடுவது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு. வெயில் நாட்டுக்கு அது எதற்கு என்று கழற்றிப் போடும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இருக்கிறது. இதைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். டீசல் இன்ஜின் தன் சரியான சூட்டில்தான் நன்றாக எரிக்கும். குளிர்ந்தே ஓடினால் இன்ஜின் ஆயில் கெட்டியாக இருந்து உராய்வு கூடும். மின்னணு வண்டியாக இருந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி டீசல் பீய்ச்சும் நேரத்தையும் அளவையும் மாற்றிவிடும். மீட்டரில் முள் வழக்கத்தைவிடக் கீழேயே நிற்கிறதா பாருங்கள். நீண்ட இறக்கத்தில் சூடு 70 பாகைக்குக் கீழே போனால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜெக்டர் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் சாமான் மிக மலிவு.

கம்ப்யூட்டர் வழிக்கு இங்கேதான் முறை வருகிறது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் ஃபார்ச்சூனர் 2.5 டி4டி போன்ற காமன் ரெயில் வண்டிக்கு அது மிகவும் பயனுள்ளது: நீரின் சூடு, ஏர்ஃப்ளோ சென்சார், ரெயில் அழுத்தம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜின் செய்துகொள்ளும் திருத்தம் எல்லாம் எண்ணாகத் தெரியும். ‘எரர் கோட் இல்லை’ என்ற ஒரு வரியோடு ஃபோர்மேன் முடித்துக்கொண்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. ஓடும்போது வரும் எண்களைக் காட்டச் சொல்லுங்கள். பிடித்திருக்கும் பிரேக்கை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய பஜேரோவுக்கோ கருவியைச் செருக வழியே இல்லை. அங்கே பம்ப் டைமிங்கையும் நாசில் திறக்கும் அழுத்தத்தையும் டீசல் பம்ப் கடையில்தான் அளக்க வேண்டும்.

இன்ஜெக்டர் மாற்றுவது பொய் வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. காமன் ரெயிலில் அது தேய்வது உண்மை. ஆனால் நான்கையும் மாற்ற ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும் என்பதால் ஆதாரம் கேளுங்கள். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் போத்தலில் விட்டு இன்ஜினை ஓடவிட்டால், தேய்ந்தது எதுவோ அதன் போத்தல் மற்றவற்றைவிட வேகமாக நிறையும். அந்தச் சோதனையும் கம்ப்யூட்டரில் தெரியும் திருத்த எண்ணும் ஒரே சிலிண்டரைக் காட்டினால், அந்த இன்ஜெக்டரைக் கழற்றி ஈப்போவில் பெஞ்ச் டெஸ்டுக்கு, அதாவது தனிக் கருவியில் மாட்டிச் சோதிக்கக் கொடுக்கலாம். திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். புது இன்ஜெக்டரின் மேல் குறியீடு அச்சிட்டிருந்தால் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டார்களா என்று வண்டியை எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.