வெண்கலக்கடைத் தெருவில் பெயர் வெட்டும் அண்ணன்

மதுரை வெண்கலக்கடைத் தெருவில், ஒரு பாத்திரக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெயர் வெட்டித் தருகிறார் ஒரு அண்ணன். தனியாகப் போர்டு கிடையாது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் எழினி. அப்பாவுக்குச் சொந்த ஊர் தர்மபுரி, அந்தக் காலத்துத் தகடூர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதிலிருந்து எடுத்து வைத்த பெயர். எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் முதல் தடவை கேட்டு யாரும் அப்படியே எழுதியதில்லை. எழிலி, யாழினி, ஒரு அடையாள அட்டையில் எலினி. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில், வேறொரு ஊர்க் கடையில், ‘எழிலினி’ என்றே வெட்டிவிட்டார்கள். அப்பா தாளில் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு எழுத்து விட்டுப்போனதாக நினைத்து அவர்களே சேர்த்துவிட்டார்களாம். அப்பா அன்று சாப்பிடவே இல்லை.

இப்போது மகளுக்குக் காதுகுத்து. வருகிறவர்களுக்குக் கொடுக்க 40 எவர்சில்வர் சம்புடம் வாங்கி, பயந்துகொண்டேதான் இவரிடம் போனேன். பெயரைச் சொன்னதும் ஊசியை எடுக்கவில்லை. பழைய அட்டைப்பெட்டி மூடியையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, “உங்க கையாலயே எழுதுங்கம்மா” என்றார். எழுதினேன். ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, “எ, ழி, னி. மூணுதானே? நடுவுல ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். 34 வயதில் இப்படிக் கேட்ட முதல் ஆளைப் பார்க்கிறேன்.

அப்புறம் அர்த்தம் கேட்டார். திரைச்சீலை என்றும் பொருள் உண்டு, சிலப்பதிகாரத்தில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று மேடைத் திரைகள் வரும் என்றேன். “நாடகத் திரையா!” என்று முகம் மலர்ந்தார்.

கரண்ட் ஊசி தகட்டைத் தொட்டதும் கிர்ரென்று சத்தம். ‘ழ’வின் அடிச்சுழியில் ஊசியை அசைக்காமல், சம்புடத்தை இடது கையால் மெல்லத் திருப்பித் திருப்பியே வளைவைக் கொண்டுவந்தார். மேலே கொக்கியைத் தனியாக இழுத்து, ஊதி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நாற்பதிலும் அதே நிதானம்.

ஒன்றுக்கு 15 ரூபாய் வாங்கினார். காலை 11 மணிக்கு என்று சொல்லி, கையில் கிடைக்க மதியம் ஒன்றரை ஆனது. நிற்க நிழல் இல்லை. சில சம்புடங்களில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது, வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைக்க வேண்டியிருந்தது. அவசர வேலைக்கு இவர் சரிப்பட மாட்டார்.

மறுநாள் சீர்ச் சொம்பையும் கொண்டுபோய், அந்த ‘லி’யை அழிக்க முடியுமா என்று கேட்டேன். “அழிச்சா தகடு மெலிஞ்சிரும், வேணாம்மா” என்றவர், சொம்பைக் கவிழ்த்து, அடியில் சரியான பெயரை வெட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. சாயங்காலம் அப்பாவிடம் சொம்பைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கவிழ்த்தே வைத்திருந்தார்.