ஸீப்ரா ஜி நிப்: ஒரு காமிக்ஸ் வாத்தியாரின் சிபாரிசு

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஜி பென்' என்றால் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் என்ற ஓவியச் செயலியில் இருக்கும் ஒரு பிரஷ். அதற்குப் பெயர் கொடுத்த உலோக நிப்பை மேசையில் வைத்தால், "சார், இது நிஜமாவே இருக்கா?" என்கிறார்கள். இருக்கிறது. மங்கா எனும் ஜப்பானிய காமிக்ஸ் ஓவியர்கள் மையில் தோய்த்து வரையும் நிப். ஸீப்ரா தவிர நிக்கோ, தச்சிகாவா கம்பெனிகளும் இதைச் செய்கின்றன. நிக்கோ எனக்குக் கொஞ்சம் விறைப்பு. நான் வாங்குவது ஸீப்ராதான்.

காரணம், அது மீளும் வேகம். அமுக்கினால் முனையின் இரண்டு கால்களும் விரிந்து கோடு தடிக்கிறது. அழுத்தம் குறைந்ததும் சட்டென்று மூடி முடியளவு மெலிகிறது. வேப்பிலை போல இரு முனையும் கூர்ந்து நடுவில் பருத்த கோடு ஒரே இழுப்பில் வரும். முதல் வாரம் முழுக்க அந்தக் கோடுதான் போடச் சொல்வேன். முகம், கண்ணெல்லாம் அப்புறம். கோட்டைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும், எதிர்ப்பக்கம் தள்ளினால் முனை தாளில் குத்தி மை தெறிக்கும். திசை மாறினால் தாளைத் திருப்புங்கள், மணிக்கட்டை அல்ல.

கை பழகியதும் கவோரு மோரியின் 'எ பிரைட்ஸ் ஸ்டோரி' மங்காவை எடுப்பேன். கதை நடப்பது 19ஆம் நூற்றாண்டு மத்திய ஆசியாவில். நாயகி அமீரின் உடுப்பிலுள்ள பூவேலையையும் கம்பளங்களையும் மோரி கோடு கோடாக மையில் இழைத்திருக்கிறார். அதில் உள்ளங்கை அளவு ஒரு மூலையைப் பார்த்து வரையச் சொன்னால் வகுப்பே அடங்கிவிடும். எனக்கு உயிர் 'வேகபாண்ட்' மங்காதான். 1998இல் தொடங்கிய அந்தத் தொடரில் டகேஹிகோ இனோவே நடுவில் பேனாவை விட்டுத் தூரிகைக்கு மாறினார். முன்பாகம், பின்பாகம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிப் எதைத் தரும், எதைத் தராது என்று தெரியும்.

சரி, தொல்லைகள். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைக்காவிட்டால் மை ஒட்டாமல் உருண்டு விழும். சிலர் தீயில் காட்டுவார்கள், வேண்டாம், சூட்டில் துள்ளல் போய்விடும். சாதா நோட்டுத்தாளில் மை கசியும், நாரும் முனையில் மாட்டும். வழவழப்பான ஐவரி ஷீட் வாங்குங்கள். ஃபவுண்டன் பேனா மை தண்ணீர் பட்டால் கலையும், ஆகவே காய்ந்தபின் கலையாத கறுப்பு மையான இந்தியன் இங்க். வரைந்து முடித்ததும் கழுவித் துடைக்காமல் வைத்தால் துருதான், கடலோர ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

டைட்டானியம் பூசிய விலை கூடிய வகையும் உண்டு. அதிக நாள் உழைக்கும். ஆனால் புதுக் கை எப்படியும் சில முனைகளை வளைக்கும். அதற்குச் சாதா நிப்பே போதும். நிப்பைச் செருகும் பிடி பாக்கெட்டில் வராது, தனியாக வாங்க வேண்டும்.