நேபாள மலை கேம்ப் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறார்கள், உஷார்

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடியில் எங்கள் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் 20 பேர், எல்லாரும் பதினைந்து முதல் பதினேழு வயதுக்காரர்கள், கோடை விடுமுறையில் நேபாளத்துக்கு அட்வென்ச்சர் கேம்ப் போவதற்காக ஆளுக்கு 38,000 ரூபாய் கட்டினோம். மொத்தம் 7,60,000. கிளம்ப வேண்டிய தேதி போய்விட்டது. விமானமும் இல்லை, கேம்ப்பும் இல்லை, பணமும் இல்லை.

நிறுவனத்தின் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம். வடசென்னையில் மாடியில் ஏசி ஆபீஸ் போட்டு, பள்ளி கல்லூரிப் பசங்களுக்கு ட்ரெக்கிங் ஏற்பாடு செய்வதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்கிற டூர் கம்பெனி, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்தக் கம்பெனியை நடத்துகிற ஆள் கொடுத்த திட்டத்தில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. டெல்லி வழியாக காத்மாண்டு, அங்கிருந்து பஸ்ஸில் பொக்காரா, அப்புறம் உல்லேரி, கோரேபானி வழியாக நடந்து 3,210 மீட்டர் உயரத்தில் இருக்கிற பூன் ஹில். விடியற்காலையில் ஏறினால் அன்னபூர்ணாவும் தவுளகிரியும் கண்ணெதிரே தெரியும் என்றான். எல்லாமே நிஜமான ஊர், நிஜமான பாதை. பரங்கிமலையைத் தவிர வேறு மலை ஏறியிராத பிள்ளைகள், அதிகாலையில் எழுந்து பையில் செங்கல் போட்டுக்கொண்டு மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதையேதான் செய்வார்கள். பெற்றோர் எல்லாரும் ஆபீசுக்குப் போயிருந்தோம். காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்கிற ஒரு அக்கா, கம்மலை அடகு வைத்த பணத்தைக் கைப்பையில் இறுக்கிப் பிடித்தபடி, "டிக்கெட்டைக் கண்ணால பார்த்தாதான் குடுப்பேன் தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார். அவன் கொஞ்சமும் கோபப்படவில்லை. "கரெக்ட்டா கேக்குறீங்கக்கா" என்று சொல்லி, விமான கம்பெனியின் சொந்த இணையதளத்தையே தன் போனில் திறந்து, பிஎன்ஆர் என்கிற ஆறு எழுத்து புக்கிங் குறியீட்டைப் போட்டான். பிள்ளைகள் பெயர் வரிசையாக வந்தது. அக்காவின் மகன் பெயரை விரலால் பெரிதாக்கிக் காட்டினான். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தார். அதற்கப்புறம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மற்றவர்கள் ஜிபேயில் அனுப்பினார்கள், அதுவும் கம்பெனி கணக்குக்கு இல்லை. ஆடிட்டிங் நடக்கிறதாம், அதனால் அவன் மனைவி பெயரில் இருக்கிற கணக்குக்காம்.

பிஎன்ஆர் என்றால் டிக்கெட் இல்லை, இடத்தைப் பிடித்து வைத்திருப்பதற்கான அடையாளம் மட்டும்தான். காசு கட்டினால்தான் டிக்கெட் போடப்படும், இல்லையென்றால் கெடு முடிந்ததும் புக்கிங் தானாகவே ரத்தாகிவிடும். உண்மையில் டிக்கெட் போட்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்கும். அதை அவன் கடைசி வரை தரவே இல்லை, கேட்டால் "குரூப் டிக்கெட்ல கிளம்புறதுக்கு முன்னாடிதான் வரும்" என்றான்.

குட்டு உடைந்தது பெரம்பூரில் இருக்கிற ஒரு மாமியால். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான, நேபாளத்தில் இருக்கிற முக்திநாத்துக்குப் போய்வந்தவர். ரசீதில் "மைனர் குரூப் விசா 2,500" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "நேபாளத்துக்கு ஏதுப்பா விசா? நாங்க வோட்டர் ஐடியைக் காட்டித்தானே போனோம்?" என்றார். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசாவே தேவையில்லை. பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். 15 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் பள்ளித் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் தருகிற அடையாளச் சான்றிதழோடு போகலாம். அன்றைக்கே பிஎன்ஆரை நாங்களே போட்டுப் பார்த்தோம். அப்படி ஒரு புக்கிங்கே இல்லை என்று வந்தது.

அங்கே ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதலில் சர்வர் பிரச்சினை என்றான். அப்புறம் விமானம் ரீஷெட்யூல் ஆகிவிட்டது, சார் டெல்லியில் இருக்கிறார், வந்ததும் பேசுவார் என்று ஆபீசில் பதில். அப்புறம் ஏழு வேலை நாளில் ரீஃபண்ட். நாள் போனதும் இன்னொரு ஏழு வேலை நாள். நேரில் போனால் ரிசப்ஷனில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பச் சொல்கிறது. "ஜூன் கடைசியில் கூட்டிட்டுப் போறோம்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு! ஜூன் கடைசியில் அங்கே பருவமழை, மலையை மேகம் மூடிக்கொள்ளும், பாதையெல்லாம் அட்டைப்பூச்சி, ரோட்டில் நிலச்சரிவு, இங்கே பள்ளிக்கூடமும் திறந்திருக்கும். எங்களை எவ்வளவு இளக்காரமாக நினைத்திருந்தால் அப்படிச் சொல்வான்? இப்போது போனே எடுப்பதில்லை. 7,60,000 ரூபாய். அதில் மகளிர் குழுக் கடன் இருக்கிறது, சீட்டு எடுத்த பணம் இருக்கிறது, ஒரு ஆட்டோக்காரர் இன்ஷூரன்ஸுக்கு வைத்திருந்த காசு இருக்கிறது.

வங்கியில் கேட்டால் நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே என்று கை விரித்துவிட்டார்கள்.

உங்களுக்கு நிறைய சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், அவசரமாக நாலு வார்த்தை. பிஎன்ஆரைக் காட்டினால் இ-டிக்கெட் எண் கேளுங்கள், விமான கம்பெனிக்கு நீங்களே போன் செய்து டிக்கெட் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். தனி ஆள் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஆன்லைனில் அனுப்பி ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. நுகர்வோர் உதவிக்கு 1915. ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ரசீது, வாய்ஸ் மெசேஜ், ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

கொடுங்கையூர், எம்கேபி நகர், புளியந்தோப்பு பக்கம் வேறு மன்றங்களும் இதே ஆளிடம் கட்டியிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அப்படி யாராவது இருந்தால் ரசீதோடு எங்களிடம் வாங்க, எல்லாரும் சேர்ந்தே புகார் கொடுப்போம்.